வண்டிவீட்டு வாசலில் காய்ந்த தமெயின்

பசுந்தாங், யாங்கோன்
ஜூன் 3, 2025

அன்பு மகன் கோபிகிருஷ்ணனுக்கு,

அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. காளியம்மன் புண்ணியத்தில் இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நீயும் சுகமாக இருப்பதாகத்தான் உன் பெண்டாட்டி அனுப்புகிற போட்டோக்கள் சொல்கின்றன. உன் வாயால் கேட்டால்தான் நம்புவேன்.

போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இங்கே கரண்டு இருக்கும்போது இன்டர்நெட் இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்து வருகிற அன்றைக்கு விபிஎன் மக்கர் பண்ணும். ஆனால் உண்மையான காரணம் அதில்லை. நான் போன் செய்தால் எடுப்பது சுனிதா. அவர் படுத்திருக்கிறார் அத்தை, அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார் அத்தை என்று முதலில் ஒரு சாக்கு. அப்புறம் ஸ்பீக்கரில் போட்டு உன்னைப் பேச விடுகிறாள். வைபரில் முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவாய். இப்போது எழுதுவதே இல்லை, குரலை மட்டும் பதிந்து அனுப்புகிறாய். அதிலும் பின்னால் அவள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கிறது. ஆகவேதான் தமிழில் எழுதுகிறேன். அவள் இன்சீன் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து பர்மிய ஸ்கூலில் படித்தவள். தமிழ் பேசுவாளே தவிர, நம் எழுத்தைக் காட்டினால் தலைகீழாகப் பிடிப்பாள். நீ கோவில் வகுப்பில் காது திருகப்பட்டுப் படித்தது இதற்காவது உதவட்டும். தனியாக உட்கார்ந்து படி.

மேல்மாடி நாஜியா சிங்கப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் வந்திருக்கிறாள். திரும்பிப் போகும்போது கையோடு எடுத்துப்போய் அங்கிருந்து தபாலில் சேர்ப்பாள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போஸ்ட் ஆபீசுக்கு எழுதினால், பேர் சொல்லிக் கேட்கிறவர் வரும்வரை வைத்திருப்பார்கள் என்று நீ சொன்னாயே, அதை நம்பி அனுப்புகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடிலெய்டில் நல்ல வேலை. அதை ஏன் விட்டாய்? லீவு என்று சொன்னாய். லீவு போட்டவன் கட்டிலையும் பீரோவையும் விற்பானா? விற்ற காசில் ஒரு பழைய வண்டிவீட்டை வாங்கி, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு, ஆள் இல்லாத காட்டுக்குள் போயிருக்கிறீர்கள். பகோவுக்குப் பஸ்ஸில் போனாலே பாதி வழியில் வாந்தி எடுத்து என் சேலையை நாசம் செய்த பிள்ளை நீ. ஊர் சுற்றுகிற ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது? வந்ததா, ஏற்றப்பட்டதா?

நாஜியா அவளுடைய பெரிய போனில் போட்டோக்களை இழுத்து இழுத்துக் காட்டினாள். எல்லாவற்றிலும் சிவப்பு மண், செங்கல் சூளைக்குள் ரோடு போட்டதுபோல. அது இருக்கட்டும். நான் பார்த்தது வேறு. எல்லாப் போட்டோவிலும் வண்டி ஓட்டுவது அவள். இங்கே அப்பாவின் காரை நான் தொட்டுத் துடைத்தால்கூட முறைப்பாய். அங்கே பக்கத்து சீட்டில் பார்சல்போல உட்கார்ந்திருக்கிறாய். பெட்ரோல் போடுகிற இடம், கடை வாசல், மலை அடிவாரம், எங்கே நின்றாலும் அவள் கை உன் கையைப் பிடித்திருக்கிறது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் என்ன அப்படி ஒரு பிடி? கருப்புக் கண்ணாடியை நீ கழற்றுவதே இல்லை. ஒன்றில் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறாய். ஆயுள் முழுக்கத் தையல் மெஷின் மிதித்தவள் நான். பக்கத் தையல் வெளியே தெரிவது என் கண்ணுக்குத் தப்புமா? ஒரு பெண்டாட்டி பக்கத்தில் இருந்தும் புருஷன் அப்படி நடமாடுகிறான் என்றால் அவள் உன்னைக் கவனிக்கவில்லை, காவல் காக்கிறாள்.

எனக்கு வலது முட்டியில் வலி. மெஷினை மிதித்தால் பிடித்துக்கொள்கிறது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் தைக்கக் கொடுக்கிறவர்கள் பபேடான் கடைகளுக்குப் போய்விடுவார்கள். நீயும் வெளியே விடாதே.

நான் கேட்பது ஒன்றுதான். உன் கையெழுத்தில் எனக்கு இரண்டு வரி எழுது. போட்டோவும் வேண்டாம், குரலும் வேண்டாம். நீ நீயாக இருக்கிறாயா என்று பார்க்க வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா கமலாட்சி

*

பசுந்தாங், யாங்கோன்
ஜூலை 1, 2025

அன்பு மகன் கோபிகிருஷ்ணனுக்கு,

அம்மா எழுதுவது. கடிதம் கிடைத்தது, நன்றாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று குரல் அனுப்பியிருந்தாய். நான் கேட்டது இரண்டு வரி எழுத்து. பேனா கிடைக்காத தேசமா அது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் சுனிதா போன் செய்து, முட்டி வலிக்கு என்ன தடவுறீங்க அத்தை என்று கேட்டாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் முட்டி வலி எனக்கும் அந்தக் கடிதத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம். தனியாகப் படி என்று எழுதியிருந்தேன். நீ அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாய். அப்படியானால் அவளைப் பற்றி எழுதியதையும் வாசித்திருப்பாய். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேனாகப் பேசினாள். அந்தத் தேன்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே மழை ஓயவில்லை. துணி காயாமல் வீட்டுக்குள் கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன், ஈர வாடை மூச்சை அடைக்கிறது. அதனால்தானோ என்னவோ, இந்த வாரம் வந்த போட்டோவில் முதலில் என் கண் போனது துணிக்கொடிமேல். வண்டிவீட்டு வாசலிலிருந்து ஒரு மரம்வரை கொடி. அதன் நடுவில், ஆள் தலை தட்டுகிற உயரத்தில், அவள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தமெயின். கருப்பு இடுப்புப்பட்டி வைத்து, பச்சையில் அலை அலையாகக் கோடு போட்டது. கல்யாணத்துக்கு நானே பட்டி தைத்துக் கொடுத்ததுதான், அடையாளம் தெரியாமல் போகுமா? அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு நீ உட்கார்ந்து சிரிக்கிறாய். தமெயினின் ஓரம் உன் தலைமுடியைத் தொடுகிறது.

கோபி, நாம் தமிழ் ஜனம்தான். ஆனாலும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். பெண் இடுப்பில் கட்டுகிற துணிக்குக் கீழே ஆண்பிள்ளை போனால் அவனுடைய சக்தி இறங்கிவிடும் என்று இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். நானே உன் அப்பா இருந்தவரை என் துணியைப் பின்பக்கம், தரையோடு தரையாகத்தான் காயப்போட்டேன். சுனிதாவின் அம்மா பர்மியக்காரி. அவள் வீட்டில் இந்தச் சட்டம் நம் வீட்டைவிடக் கெட்டி. மறந்துபோய்ச் செய்தாள் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். தெரிந்துதான் செய்கிறாள். வேலையை விட வைத்தாள், வண்டியைப் பிடுங்கினாள், பேனாவைப் பிடுங்கினாள், மிச்சம் இருக்கிற பலத்தையும் இறக்கத் தலைக்குமேல் கட்டியிருக்கிறாள். உன் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு இருக்கிறதே, கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறாயே, செய்வினை வைக்கப்பட்டவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

சும்மா பழி போடுகிறவள் இல்லை நான். விசாரிக்கலாம் என்று சர்க்குலர் ரயில் ஏறி இன்சீன் போனேன், அந்த முட்டியோடு. சம்பந்தி தங்கவேலு ரயில்வே ஒர்க்ஷாப்பில் எத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர்! என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார இடம் கொடுத்து, விசிறி எடுத்து வீசினார். அவர் சம்சாரம் டோ கின் மே நான் சாப்பிட மொஹிங்கா வாங்கிவர ஆள் அனுப்பினாள். போன தடவை போனபோது ஆறிப்போன டீ தந்தவர்கள் இவர்கள். இவ்வளவு உபசாரம் எதற்கு? பிள்ளைகள் ஏன் இப்படி அலைகிறார்கள் என்று கேட்டேன். சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்கட்டும் சம்பந்தி என்றார். டோ கின் மே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். நான் கையை இழுத்துக்கொண்டேன். குடும்பத்தோடு எதையோ மறைக்கிறார்கள். மகளின் வேலை பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இத்துடன் முனீஸ்வரன் கோவில் கயிறு வைத்திருக்கிறேன். வலது மணிக்கட்டில் நீயே கட்டிக்கொள், அவள் கையால் வேண்டாம். அவள் தருவதை அவள் சாப்பிட்ட பிறகு சாப்பிடு. கொடிக்குக் கீழே போகாதே. நாஜியாவின் தோழி ஒருத்தி சிங்கப்பூர் போகிறாள், அவளிடம் கொடுத்து இதைக் கேத்தரின் ஊர் போஸ்ட் ஆபீசுக்கு அனுப்புகிறேன். உங்கள் வழி அந்தப் பக்கம்தானே.

உன்னை இங்கே வா என்று கூப்பிட முடியாத காலம் இது. பட்டாளத்துக்குப் பேர் எடுக்கிறார்கள், உன் வயசுப் பிள்ளைகள் தெருவில் தலை காட்டுவதில்லை. இல்லாவிட்டால் நான் கடிதமா எழுதிக்கொண்டிருப்பேன்? உன் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன். எனக்கு இருப்பது நீ ஒருவன். உன்னை யாருக்கும் கொடுத்துவிட்டு உட்கார முடியாது. அவளுக்குப் பயந்திருந்தால், அடுத்த தடவை குரல் அனுப்பும்போது ஒரு தடவை இருமு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பயத்தோடு,
அம்மா

*

பசுந்தாங், யாங்கோன்
ஜூலை 24, 2025

அன்பு மருமகள் சுனிதாவுக்கு,

அத்தை எழுதுவது. உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, இடம் விட்டு எழுதியிருக்கிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று அவன் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தபோது லைன் விட்டு விட்டு வந்தது. நான் காதில் வாங்கியது எல்லாம் சரிதானா என்று எழுதிப் பார்க்கிறேன். தப்பிருந்தால் சொல். தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு ஆசை.

அவன் இருமுவான் என்று நான் காத்திருந்தேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, அந்தத் தமெயினத் தோச்சுக் கொடியில போட்டதே நாந்தான். எது துண்டு, எது தமெயின்னு எனக்குத் தெரியல. கையில பட்டத எடுத்துப் போட்டேன். எனக்குக் கண்ணு போயிட்டு இருக்கு."

அதற்குப் பிறகு அவன் சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பிறக்கும்போதே கூட வந்த வியாதி. மருந்து இல்லை. முதலில் ராத்திரிப் பார்வை போனது, பிறகு ஓரங்கள். இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம். வேலையை அவன் விட்டானா, வேலை அவனை விட்டதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் வேறு ஒன்றைக் கேட்டேன், உனக்கும் கேட்டிருக்கும். யார் வழியில் வந்தது, என் பக்கமா, அவன் அப்பா பக்கமா என்றேன். பிள்ளைக்குக் கண் போகிறது என்றதும் ஒரு அம்மா முதலில் கேட்டது அதை. இதைக் கேட்பேன் என்று தெரிந்துதான் இத்தனை நாள் மறைத்திருக்கிறான். நீதான் குறுக்கே வந்து, யார் வழியா இருந்தா என்ன அத்தை, இப்ப நம்ம கையில இருக்கு என்றாய்.

கடிதங்களைப் பற்றி அவன் சொன்னதை நான் இன்னும் முழுங்கவில்லை. "படிச்சுக் காட்டினது அவதான்மா. ஒரு வரிய விடல. செய்வினைங்கிற வார்த்த புரியாம என்கிட்டயே அர்த்தம் கேட்டா."

பார்வை இருக்கும்போதே அவன் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், பின்னால் அவனுக்குப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று. அந்தப் படிப்பை வைத்து நீ முதலில் படித்தது உன்னைப் பற்றி நான் எழுதிய வசவு. படித்துவிட்டு என் முட்டி வலியை மட்டும் எடுத்துக்கொண்டு போன் செய்தாய். அந்தக் கயிற்றை அவன் மணிக்கட்டில் நீயே கட்டினாய் என்றும் சொன்னான். நீ கட்டக் கூடாது என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டிவிட்டே கட்டினாயாம். நான் என்ன எழுத? வெட்கமாக இருக்கிறது சுனிதா. கோபமும் இருக்கிறது, உன்மேல்தான். ஒரு தடவையாவது என்னை எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் அப்போதே எல்லாம் வெளியே வந்திருக்கும்.

ஏன் அந்தக் காட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் மனசுக்குள் சுற்றுகிறது. வீட்டுக்குள் பக்கத்தில் இருக்கும் எதுவும் அவனுக்கு முழுசாகத் தெரிவதில்லையாம். ஆளுக்கு மூக்கு தெரிந்தால் காது இல்லை. மேஜையில் கை தெரிந்தால் தட்டு இல்லை. அந்த வெளியில் மலையானாலும் தூரத்தில் நிற்பதால் மொத்தமும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறதாம். தூரத்துல இருக்கிறதுதான்மா எனக்கு முழுசா இருக்கு என்றான். அதற்காகத்தான் இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்தி, விடிந்ததும் கிளம்பி, நீ ஒருத்தியே அத்தனை தூரமும் ஓட்டியிருக்கிறாய். நான் உன்னைக் காவல்காரி என்று எழுதினேன்.

மறுநாள் காலை இன்சீன் போனேன். போன தடவை நான் விலக்கிய டோ கின் மேயின் கையை நானே போய்ப் பிடித்துக்கொண்டேன். சம்பந்தி அன்றைக்கும் ஜன்னல் பக்கம்தான் திரும்பிக்கொண்டார்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் டார்வின் போய்ச் சேர்ந்ததும் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறதாம், இங்கிருந்தும் இருக்கிறது. அவனை இந்த ஊருக்குக் கூப்பிட முடியாது, நான் வெளியே வரலாமே. பாஸ்போர்ட்டுக்கு மனு கொடுத்துவிட்டேன். சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் பின்னாலேயே வருகிறான். அவன் முழியே சரியில்லை, அதனால் நானே வரிசையில் நிற்கிறேன். முட்டி என்ன செய்துவிடும்? விமானத்தில் ஏறியதில்லைதான். நாஜியா அடுத்த லீவுக்கு வந்து திரும்பும்போது கூடவே உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய வீட்டிலேயே நாம் தங்கலாம்.

சுனிதா, இந்த இடத்தில் சத்தமாகப் படிப்பதை நிறுத்து. இது உனக்கு மட்டும்.

இன்னும் எத்தனை நாள் பார்வை நிற்கும் என்று டாக்டர் உன்னிடம் சொல்லியிருப்பார். எனக்குச் சொல்லாதே. பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் போய்விடும் என்றால் மட்டும் சொல், வேறு வழி பார்க்கிறேன். நீ அவனை விட்டுப் போயிருந்தால் உலகத்தில் யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், என்னைத் தவிர. நீ போகவில்லை, அப்படியும் குறை சொன்னது நான் ஒருத்திதான். இதை மறந்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன் பக்கத்தில் இரு என்றும் கேட்கவில்லை, அது நான் கேட்டு நடக்கிற காரியம் இல்லை. எனக்கு வேண்டியது ஒரு உதவி.

எந்த நிறம் அவனுக்கு நன்றாகத் தெரிகிறது என்று கேட்டுச் சொல். மஞ்சளா, சிவப்பா? அந்த நிறத்தில் சேலை எடுத்து ஜாக்கெட் தைத்துக் கட்டிக்கொண்டு வருகிறேன். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அவனை என்னிடம் அழைத்து வராதே. நானும் ஓடி வந்து கட்டிக்கொள்ள மாட்டேன். வெளிச்சமான இடமாகப் பார்த்து நீ எனக்குக் கையைக் காட்டு, அங்கேயே நிற்கிறேன். எவ்வளவு தள்ளி நின்றால் நான் அவனுக்கு முழுசாகத் தெரிவேன் என்பது உனக்குத்தான் தெரியும். அவன் பார்த்து முடித்தேன் என்று சொல்கிறவரை ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.

இனிமேல் சத்தமாகப் படி. இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிடுங்கள். வண்டியை மெதுவாக ஓட்டு, தாயே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று காளியம்மனிடம் கேட்டிருக்கிறேன்.

உங்கள் இருவரையும் பார்க்க வந்துகொண்டிருக்கும்,
அத்தை கமலாட்சி